மேலதிகாரிக்கு மனம் நோகாமல் நினைவூட்டுவது எப்படி

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். சீனி அரைக் கரண்டிதான் போட்டிருக்கிறேன். மன்றத்துக் கமிட்டிக்காரர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்பதால் கேட்காமலே குறைத்துப் போடுவது என் பழக்கம். பேச்சி உங்கள் கமிட்டியிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவள் சொன்னதில் பொய் இருக்காது. என்னிடம் படித்த பிள்ளை, கோர்வையாகத்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை மட்டும் நான் சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

நீங்கள் கமிட்டிக்குப் புதியவர், அதனால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேனேஜருக்குக் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். காரியதரிசி நாற்காலி மட்டும் என்னுடையதாகவே இருந்தது. அவர்களில் ஒருவர் தன் கல்யாண நாளைக்கூட மறந்துவிடுகிற ஆள். அன்றைக்கு டிரைவரிடம் சொல்லி ஒரு பந்து பிச்சிப்பூ வாங்கிக் காரின் முன்சீட்டில் வைத்துவிடுவேன். சாயங்காலம் அதைப் பார்த்ததும், தானே வாங்கி வரச் சொன்னதாக அவருக்கு நினைவு வந்துவிடும். நடக்காத ஒன்றை ஒருவருக்கு நினைவுபடுத்துவது அப்படியொன்றும் சிரமமில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவருடைய மனைவிக்கு என் மேல் நிரம்பப் பிரியம்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் நானும் டிவியும்தான். மகன் பெங்களூரில். சும்மா இருக்கப் பிடிக்காமல் கோமதி அறப்பணி மன்றத்தில் சம்பளமில்லாமல் வகுப்பெடுக்க வந்தேன். கழுகுமலை ரோட்டில், செயலாளர் சங்கரசுப்பு அண்ணாச்சியின் உரக்கடை மாடியில் வகுப்பு. கீழே யூரியா வாடை, மேலே நாங்கள். பனவடலிசத்திரம், இளையரசனேந்தல், சிவகிரி பக்கத்துப் பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். கையில் பட்டம் இருக்கும். ஆனால் ஆபீஸ் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதா, உள்ளே போய்விட்டுத் தட்டுவதா என்பது தெரியாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது, போனை எடுத்ததும் "யாரு?" என்று அதட்டாமல் இருப்பது, தெரியாததைத் தெரியாது என்று பணிவாகச் சொல்வது எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அண்ணாச்சியைப் பெரியப்பா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை 'சார்' என்று கூப்பிட வைத்ததும் நான்தான். அவருக்கு அதில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சந்தோஷம்.

அண்ணாச்சி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அவரைக் குறை சொல்ல வந்ததாக நினைத்துவிடக் கூடாது. மனைவி இறந்தபின் கடையும் மன்றமும்தான் அவருக்கு உலகம். ஊர் முழுக்க அவருடைய ஞாபகசக்தியைப் பற்றித்தான் பேச்சு. இளையரசனேந்தலிலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வந்து கடைப்படி ஏறினால், அவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஒம்ம வடக்குப் புஞ்சைக்குத்தானவே? போன மழைக்கு உளுந்து போட்டீரு. இப்ப மக்காச்சோளம்னு கேள்விப்பட்டேன்" என்பார். யார் பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, யார் வீட்டுப் பசு எப்போது கன்று போட்டது, எல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தது. எனக்கும் அதைப் பார்த்து ஆச்சரியம்தான்.

போன வருஷம் மன்றத்தின் ஆண்டு விழா நடந்தது. மேடையில் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அண்ணாச்சி கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் மைக்கைப் பிடித்தார். நாற்காலி கொடுத்தவர், பந்தல் போட்டவர், வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்த பிள்ளை, டீ கொண்டுவந்த வெங்கடேஷ் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவரவர் அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். நான் மேடையில் கடைசி நாற்காலியில் இருந்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கூப்பிட்டதும் எழுந்திருக்க வசதியாக நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பொன்னாடையை அவர் மைக்செட்காரருக்குப் போர்த்திவிட்டு நன்றி சொல்லி இறங்கிவிட்டார். முன்வரிசையிலிருந்த என் மாணவிகள் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

இறங்கி வந்தபின் அவருக்கே உறைத்தது. "ஐயய்ய, டீச்சர், ஒங்கள விட்டுட்டனோ? சவத்த விடுங்க, நீங்க நம்ம வீட்டு ஆளுதான" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, இப்போது உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை. எல்லாவற்றையும் மறக்கிற ஒருவர் என்னையும் மறந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஊரில் எதையும் மறக்காதவர் என்னை மட்டும் மறந்தார். அது கணக்கில் இடிக்கிறது அல்லவா? அவர் மற்றதையும் கொஞ்சம் மறந்தால் நியாயமாக இருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கு அவ்வளவுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் புதிய பாடம் ஒன்று ஆரம்பித்தேன். மேலதிகாரிக்கு மனம் நோகாமல் நினைவூட்டுவது எப்படி. இது நிஜமான பாடம், எந்த ஆபீசிலும் உதவும். எதிர்த்துப் பேசக்கூடாது. நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்லக்கூடாது. அவர் "நான் அப்படிச் சொல்லலையே" என்றால் லேசாகச் சிரித்து "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லும் முன் நகர்ந்துவிட வேண்டும். அவராக யோசித்து அவராகவே நினைவுக்குக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் அழகாகக் குறித்துக்கொண்டார்கள். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே? "நம்ம செயலாளர் சாருக்கு வேலை ஜாஸ்தி. வயசும் ஆகுது. இப்பல்லாம் சொன்னத மறந்துடுதாங்க. பாவம், அவங்ககிட்டயே பழகுங்க" என்றேன்.

பேச்சிதான் முதலில் போனாள். பனவடலிசத்திரத்துப் பிள்ளை, வகுப்பிலேயே கெட்டிக்காரி. நானும் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், தையல் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வரச் சொல்லியிருந்தீங்கள்லா? நாளைக்கு வாராங்களாம்."

"நானாம்மா? நான் எப்பச் சொன்னேன்?"

"பரவால்ல சார்."

அவள் நகர்ந்துவிட்டாள். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். ரிப்பேர்காரரை வரச் சொல்லியிருந்தது நான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாடிக்குப் போய் ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடித்தேன்.

பேச்சி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்னதாக நான் சொன்னேன், அவள் நம்பினாள். பிள்ளைகள் யாருமே பொய் சொல்லவில்லை. ஃபஹீமா போய், அவர் கேட்டதாக ஒரு பைலைக் கொடுத்தாள். இன்னொருத்தி, வருவதாக ஒப்புக்கொண்ட கூட்டத்துக்கு அவர் வரவில்லை என்று பணிவாகத் தெரிவித்தாள். எல்லோரும் அன்பாக, சிரித்த முகமாக, குரலை உயர்த்தாமல் செய்தார்கள். அத்தனை பண்பான பிள்ளைகள் வரிசையாக வந்து நினைவூட்டும்போது, மறந்தது தானாகத்தான் இருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? 'மேசை ஒழுங்கு' என்று ஒரு பாடமும் வைத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். வாரம் ஒரு குழு அவருடைய மேசையை ஒழுங்குபடுத்தும். ஒவ்வொரு குழுவும் கண்ணாடிக்கூட்டுக்கு ஒவ்வோர் இடத்தைத் தீர்மானிக்கும். அண்ணாச்சி கண்ணாடி இல்லாமலே கண்ணாடியைத் தேடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

சின்ன ஊர் இது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள், வீட்டுக்காரர்கள் பஸ்ஸில் சொன்னார்கள். உரம் வாங்க வந்த சம்சாரி ஒருவர், "அண்ணாச்சி, நான் கேட்டது பொட்டாஷ். மறந்துறாதியும்" என்று இரண்டு தடவை சொன்னார். முன்பெல்லாம் வாயே திறக்க வேண்டியிராத மனிதர் அவர். அண்ணாச்சி முகம் செத்துப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். எனக்கு மறதி வந்துட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்த வயசுல எல்லாருக்கும் வாரதுதான்."

"கடையில ஒண்ணும் பிசகலையே. யாரு எந்த உரம் வாங்குனான்னு எல்லாம் கரெக்டா இருக்கு. இந்த மாடி விசயம் மட்டும்தான்…" என்று இழுத்தார். மனிதர் புத்திசாலி. இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் பிடித்திருப்பார். யாரோ சொல்லித்தான் எல்லாம் வருகிறது என்பதுவரை வந்துவிட்டார். ஆகவே மனிதர் வாயிலிருந்து வராத ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடித்தபசு உங்களுக்குத் தெரியாததல்ல. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். அவள் கால்வலியில் கொஞ்சம் நம் கால்களுக்கும் வரட்டும் என்று கொடியேறியதிலிருந்து ஜனங்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள். நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொண்டவர்கள் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றித் தபசுக்குள் முடிப்பார்கள். அண்ணாச்சி வாலிப வயதிலிருந்து ஒரு வருஷமும் இந்த ஆடிச்சுற்றை விட்டதில்லை. வேட்டியும் துண்டுமாக, வெறுங்காலோடு சுற்றுவார். சுற்று வழியில் நம் மன்றத்தின் மோர்ப்பந்தல் உண்டு அல்லவா, அங்கே ஒரு பித்தளைச் செம்பு வைத்திருப்பார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தட்டிலிருந்து ஒரு புளியமுத்தை எடுத்துச் செம்புக்குள் போடுவார். நாள் முடிவில் கொட்டி எண்ணுவார். மனதில் வைத்திருந்ததும் செம்பில் இருந்ததும் ஒருபோதும் மாறியதில்லை. அதில் அவருக்குப் பெருமை. எண்ணி முடித்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார்.

மோர் ஊற்றும் சேவைக்கு நான் பெயர் கொடுத்தேன். செம்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

முதல் நாள் இரண்டே இரண்டு முத்து எடுத்தேன். சாயங்காலம் அவர் கொட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். கைப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதுபோல அந்த முத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், மனசுல இருக்கது வேற. முத்து கொறையுதே" என்றார். வெயில்தான் காரணம் என்றேன். "முத்து எதுக்குப் பொய் சொல்லப்போவுது?" என்று சொல்லிவிட்டு, குறைந்ததைச் சரிக்கட்ட மறுபடி சுற்றப் போனார். தன் தலையைவிடப் புளியங்கொட்டையை நம்பினார் அந்த மனிதர். எனக்கே அது எதிர்பாராததுதான்.

அடுத்தடுத்த நாளும் எடுத்தேன். அவர் அதிகமாகச் சுற்றினார். பிறகு ஒருநாள் எடுப்பதற்குப் பதிலாகத் தட்டிலிருந்து கொஞ்சம் முத்துகளை உள்ளே போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது ஒரு குறும்பு, என்ன ஆகிறது என்று பார்க்கலாம் என்றுதான். அன்றைக்கு எண்ணி முடித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முத்து குறைந்தால் மறதி, அவ்வளவுதான். கூடினால் என்ன அர்த்தம்? சுற்றாமலே முத்தைப் போட்டிருக்கிறார் என்றல்லவா அர்த்தம். "நான் அம்மைய ஏமாத்திட்டேனா டீச்சர்?" என்று கேட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. "பரவால்ல அண்ணாச்சி" என்றேன்.

அதுவரை சுற்றிய சுற்றெல்லாம் செல்லாது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். தபசுக்கு நாள் நெருங்கிவிட்டது. உச்சிவெயிலில் கல்தரை கொதிக்கும், அதிலும் சுற்றினார். பாதம் கொப்பளித்து உடைந்து, அவர் நடந்த இடத்தில் ஈரம் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்தான் மோர் கொடுத்தேன். துணியைக் கிழித்து விளக்கெண்ணெய் தடவிக் கட்டிவிட்டதும் நான்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடுநடுவே செம்பையும் கவனித்துக்கொண்டேன். தபசுக் காட்சியன்று ஊரே அம்மன் மேல் பருத்தியும் மிளகாய் வற்றலும் அள்ளி வீசிச் சூறைவிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அந்த வருஷம் எத்தனை சுற்று சுற்றினார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மகள் கோமதித்தாய் மதுரையிலிருந்து ஓடிவந்தாள். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, மூளை வாலிபனுக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்றார் டாக்டர். அண்ணாச்சி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "புளியமுத்துக்குத் தெரிஞ்சது மிசினுக்குத் தெரியலட்டி" என்று மகளிடம் சொன்னாராம். திரும்பி வந்ததும் கமிட்டியைக் கூட்டினார். தனக்குப் புத்தி தெளிவில்லை என்றும், மன்றத்தின் பெயரைக் கெடுக்கும் முன் விலகிக்கொள்வதாகவும் சொன்னார். புதிய செயலாளராக என் பெயரை அவரே முன்மொழிந்தார். பெயர், இனிஷியல், நான் வேலை பார்த்த இடம், எத்தனை பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக்கொடுத்தேன் என்பதெல்லாம் ஒன்றுகூட விடாமல் சொன்னார். நீங்கள் அப்போது கமிட்டியில் இல்லை, இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவர் குணமாகிவிட்டால், எப்படி நோய் வந்தது என்று யோசிக்க ஆரம்பிப்பாரே. கடையை மகள் பார்த்துக்கொண்டாள். பகலில் அண்ணாச்சி வீட்டில் தனியாக இருந்தார். அவரைப் போல ஒருவரைக் கைவிடுவது சரியில்லை என்று, முதியோர் பராமரிப்பு என்று இன்னொரு பாடம் சேர்த்தேன். இப்போதெல்லாம் அந்த வேலைக்கு ஊருக்கு ஊர் ஆள் தேடுகிறார்கள். பிள்ளைகள் முறை வைத்து அவர் வீட்டுக்குப் போய் வந்தார்கள். நானும் கூடப் போவேன். இன்றைக்கு என்ன கிழமை என்று அவர் சரியாகச் சொன்னால் நான் பிள்ளைகளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவேன். அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் உடனே கிழமையை மாற்றிச் சொல்வார்.

ஒருநாள் மதியம் பேச்சி முறை. அண்ணாச்சி அடுப்படிப் பக்கம் பார்த்தபடி, "சோறு எடுத்து வைக்கியாம்மா, பசிக்கி" என்றார். அவள் எழுந்தாள். சார் இப்போதுதான் சாப்பிட்டார், நீ வரும் முன் நானே பரிமாறினேன் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். பேச்சி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு இதமாகச் சொன்னாள் தெரியுமா, "சார், நீங்க சாப்ட்டாச்சு. பரவால்ல சார்" என்று. அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, சாப்ட்டிருப்பேன்" என்றார். அந்த மாதிரி சில நாட்கள் நடந்தது. தினமும் இல்லை. ஆள் கொஞ்சம் இளைத்துப்போனார். மகள்கூட, அப்பாவுக்குச் சாப்பாட்டு ஞாபகமும் போய்விட்டது என்று அழுதாள். அவளைத் தேற்றியதும் நான்தான்.

பேச்சிக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. என் பாடத்தால் கிடைத்தது, அதை அவளே சொல்வாள். போன மாதம் லீவில் வந்தவள் அல்வாப் பொட்டலத்தோடு அண்ணாச்சியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாளாம். பிறகு என்னிடம் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், எங்க மேனேஜருக்கு நெசமாவே மறதி. நாம ஞாபகப்படுத்துனா கோவம் பொத்துக்கிட்டு வரும், நம்மளத் திட்டுவாரு. சார் ஒருநாளும் நம்மளத் திட்டலயே. நாம சொன்னத அப்படியே நம்புனாங்க."

"எல்லாரும் ஒண்ணுபோல இருப்பாங்களா?" என்றேன்.

"அன்னிக்கு மத்தியானம் சார் சாப்ட்டாங்களா இல்லையா, மிஸ்?"

எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான்லா மிஸ் அவங்க கையப் புடிச்சுச் சொன்னேன்" என்றாள். பிறகு எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அவள் நேராகக் கமிட்டியிடம்தான் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்பாக நானே அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. பயந்துதான் போனேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்; மனசாட்சி என்று ஒன்று எனக்கும் உண்டு.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கோமதித்தாய் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தையல் மெஷின், கூட்டம், கண்ணாடிக்கூடு, செம்பில் எடுத்தது, செம்பில் போட்டது, மத்தியானச் சாப்பாடு. உங்களுக்கு மறதியே கிடையாது, எல்லாம் நான் செய்தது, கமிட்டி என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். மேடையில் விட்டுப்போனதையும் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம் மக சொல்லித்தான வந்திய? அப்பா மனசு தேறட்டும்னு. அதுக்காவ இம்புட்டுப் பழியையும் ஒங்க தலையில தூக்கிப் போட்டுக்கிடுதியளே, டீச்சர். அம்ம சன்னதியில, செம்புல கைய வைக்கிற ஆளா நீங்க? எனக்குப் புத்திதான் கெட்டுப்போச்சு, நல்லவங்க கெட்டவங்க தெரியாமலா போச்சு?" என்றவர் உள்பக்கம் திரும்பி, "ஏட்டி கோமதி, டீச்சருக்குக் காப்பி போடு. ஒன்னையும் என்னையும் தாங்குததுக்கு அம்ம அனுப்புன மனுசி இவங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அவர் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது, நன்றாகவும் இருந்தது. குடித்துவிட்டு, அவருடைய தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது நீங்கள் போய் அவரிடம் சொல்லத்தானே எழுந்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. நான் செய்ததை நான் ஒப்புக்கொண்டாயிற்று, சம்பந்தப்பட்டவரிடமே ஒப்புக்கொண்டாயிற்று. அவர் நம்பாததற்கு நான் என்ன செய்ய முடியும்? நானே இன்னொரு தடவை போய்ச் சொல்லலாம்தான். ஆனால் இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஞாபகம் சரியில்லாத மனிதரிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் குழப்புவது மகா பாவம். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.